வலிப்பு வரும் வேளையில் நம் பிள்ளைகள் செய்ய வேண்டியது

(அறவாரியத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில், பணி ஓய்வு பெற்ற இடைநிலைப்பள்ளி ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

கல்வியைப் பற்றிப் பேச வேண்டும் என்று என்னை அழைத்தார்கள். தேர்வைப் பற்றியோ புள்ளிகளைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. எந்தத் தேர்விலும் வராத ஒரு பாடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ஒரு மாணவருக்கு வலிப்பு வந்தால், பக்கத்தில் இருக்கும் மாணவர் என்ன செய்ய வேண்டும் என்பதே அந்தப் பாடம். ஏறக்குறைய இருபத்தைந்து ஆண்டுகள் அதனை இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கற்பித்தேன். ஏன் கற்பிக்கத் தொடங்கினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது பெருமைக்குரிய கதையன்று.

1987ஆம் ஆண்டு. நான் ஆசிரியையாகி இரண்டே ஆண்டுகள். நான்காம் படிவத்தில் வரலாற்றுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஒரு மாணவி திடீரென்று ஓர் ஓலமிட்டு நாற்காலியிலிருந்து கீழே விழுந்தார். உடல் விறைத்தது. பிறகு கைகால்கள் வெட்டி வெட்டி இழுத்தன. தோட்டத்தில் வளர்ந்த நான், என் பாட்டி செய்ததைப் பார்த்திருக்கிறேன். அதையே செய்தேன். இரண்டு மாணவர்களை விட்டுக் கைகளை அழுத்திப் பிடிக்கச் சொன்னேன். ஒருவர் சாவிக்கொத்தைக் கொண்டுவந்து கையில் திணித்தார். சிற்றுண்டிச் சாலையிலிருந்து ஒரு கரண்டியை வரவழைத்து, நாக்கைக் கடித்துக்கொள்வாரோ என்ற பயத்தில் பற்களுக்கிடையே செலுத்தினேன். முன்பல் ஒன்று உடைந்தது.

அந்தப் பிள்ளை கண் விழித்தபோது நாற்பது முகங்கள் அவரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தன. வாயில் இரத்தம். சீருடை நனைந்திருந்தது. அதை மறைக்க ஒரு துணி போட வேண்டும் என்றுகூட எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மறுவாரம் பால்மரம் வெட்டும் அவர் தந்தை பள்ளிக்கு வந்தார். "டீச்சர், எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. பிள்ளைக்குப் பேர் கெட்டுப் போச்சு. இனி யாரு கட்டிக்குவா?" என்று சொல்லிப் பள்ளியை நிறுத்திவிட்டார். நானும் அதிகம் வாதாடவில்லை. பல்லை உடைத்தது நான். பள்ளியை விட்டு அனுப்பியது நாங்கள் எல்லாரும்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1995இல், பள்ளிச் சீருடை இயக்கம் ஒன்றுக்கு என்னைப் பொறுப்பாசிரியையாக நியமித்தார்கள். முதலுதவிப் பயிற்சிக்குப் போனேன். பயிற்சி அளித்த மருத்துவ உதவியாளர், "வலிப்பு வந்தவரின் வாயில் எதையும் வைக்காதீர்கள், கைகால்களை அமுக்காதீர்கள்" என்றார். மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். என்னால் எழுத முடியவில்லை. அந்தப் பிள்ளையின் முகம் கண்முன் நின்றது. அடுத்த ஆண்டிலிருந்து இந்தப் பாடத்தை நடத்தத் தொடங்கினேன்.

அன்பர்களே, வலிப்பு என்பது என்ன? நம் மூளை நரம்புகள் மெல்லிய மின்னோட்டத்தின் வழியாகவே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. அந்த மின்னோட்டம் சிறிது நேரம் கட்டுமீறிப் பாய்வதே வலிப்பு. ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் 1924இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலில் பதிவு செய்தார். 1929இல் அதனை வெளியிட்டார். இன்று மருத்துவமனையில் தலையில் கம்பிகளைப் பொருத்தி எடுக்கும் மூளை மின்னலைச் சோதனை அங்கிருந்து வந்ததுதான்.

உலகில் ஏறக்குறைய 5 கோடிப் பேர் இந்நோயுடன் வாழ்கிறார்கள் என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 100க்கு 70 பேர் வரை வலிப்பே இல்லாமல் வாழ முடியும் என்பதும் அந்நிறுவனத்தின் கணிப்புதான். வாழ்நாளில் ஒரே ஒரு முறை வலிப்பு கண்டவர்கள் 10 பேரில் ஒருவர் வரை இருக்கலாம். ஆகவே, ஒரு முறை வந்ததாலேயே ஒருவரை வலிப்பு நோயாளி என்று முத்திரை குத்திவிடக் கூடாது. இது தொற்று நோயன்று. பைத்தியமும் அன்று.

ஆனால் பெயர்கள் நம்மைப் பயமுறுத்துகின்றன. நாம் 'காக்கா வலிப்பு' என்கிறோம். காக்கைக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. 'கால் கை வலிப்பு' என்பதே பேச்சில் தேய்ந்து அப்படி ஆயிற்று என்பார்கள். மலாய் மொழியில் இதனைச் 'சாவான்' என்கிறார்கள். அது தமிழ்க் காதில் எப்படி ஒலிக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

நம் சமயத்தோடும் இந்நோய்க்கு ஒரு தொடர்பு உண்டு. ஆடல்வல்லானின் திருவடிக்குக் கீழே கிடக்கும் முயலகனை நீங்கள் நாள்தோறும் வணங்கும்போது பார்க்கிறீர்கள். வடமொழியில் அவனுக்கு அபஸ்மாரன் என்று பெயர். அபஸ்மாரம் என்பது நினைவு இழத்தல். பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை வலிப்பு நோயை இந்தப் பெயரால்தான் குறிக்கிறது. தமிழிலும் முயலகன் என்பது ஒரு நோயின் பெயர். கொல்லி மழவன் என்னும் மன்னனின் மகளை அந்த முயலக நோய் பற்றியதையும், திருப்பாச்சிலாச்சிராமத்தில் திருஞானசம்பந்தர் அவளுக்காகப் பதிகம் பாடி நோய் நீக்கியதையும் பெரியபுராணம் சொல்கிறது. 'இது என்ன பாவமோ' என்று சொல்லி அவர் விலகிப் போகவில்லை. அந்தப் பெண்ணுக்காக இரங்கினார். நாம் அந்த இரக்கத்தை மறந்துவிட்டு, நோய் கண்ட பெண்ணை வீட்டுக்குள் மறைத்து வைக்கிறோம்.

என் மாணவர்களுக்கு இன்னொன்றும் சொல்வேன். இறைவன் முயலகனை அடக்கிக் காலடியில் வைத்திருக்கிறான். மருத்துவமும் இன்று பெரும்பாலும் அதையேதான் செய்கிறது. நாள் தவறாமல் மாத்திரை சாப்பிட்டால் நோய் அடங்கிக் கிடக்கும். மாத்திரையை நிறுத்தினால் எழுந்துகொள்ளும்.

இனி, பாடத்தை எப்படி நடத்தினேன் என்று சொல்கிறேன். இங்குள்ள ஆசிரியர்களும் ஆலய இளைஞர் பிரிவினரும் இதனை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

முதல் வகுப்பில் ஒரு தாளைக் கொடுத்து, "உன் நண்பனுக்கு வலிப்பு வந்தால் என்ன செய்வாய்?" என்று எழுதச் சொல்வேன். பெயர் எழுத வேண்டாம் என்பேன். தமிழ்ப் பிள்ளைகள், மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். ஆண்டுதோறும் ஒரே விடைகள்தாம் வரும். கையில் இரும்பு கொடுப்பேன், வாயில் கரண்டி வைப்பேன், செருப்பை மூக்கில் காட்டுவேன், ஓடிப் போவேன். நான் சிரிக்க மாட்டேன். 1987இல் நான் எழுதியிருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன் என்று சொல்லி, என் கதையைச் சொல்வேன். வகுப்பு அமைதியாகிவிடும். அதன் பிறகு அவர்கள் கேட்பார்கள்.

இரும்பு கொடுத்தவுடன் வலிப்பு நின்றது என்று பலர் சாட்சி சொல்வார்கள். பெரும்பாலான வலிப்பு ஒன்று முதல் மூன்று நிமிடங்களில் தானாகவே நின்றுவிடும். சாவியைத் தேடிக் கொண்டுவருவதற்குள் அதுவாகவே நின்றிருக்கும்; பெயர் இரும்புக்குப் போய்விடும். நாக்கை விழுங்கிவிடுவார் என்பதும் தவறு. நாக்கை விழுங்க முடியாது. ஓரத்தில் கடிபடலாம், அது ஆறிவிடும். உடைந்த பல் முளைக்காது.

இரண்டாம் வகுப்பில் கடிகாரப் பயிற்சி. எல்லாரும் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டு நிமிடம் ஆகிவிட்டது என்று தோன்றும்போது கையைத் தூக்க வேண்டும். ஒரு நிமிடம் ஆவதற்குள்ளேயே பல கைகள் எழுந்துவிடும். அமைதியான வகுப்பறையிலேயே இப்படி என்றால், நண்பன் தரையில் துடிக்கும்போது ஒரு நிமிடம் ஒரு யுகமாகத் தெரியும். ஆகவே முதல் வேலை, கடிகாரத்தைப் பார்ப்பது. எத்தனை மணிக்குத் தொடங்கியது என்று குறித்துக்கொள்ள வேண்டும். 5 நிமிடத்தைத் தாண்டினால் அது ஆபத்து. உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

மூன்றாம் வகுப்பில் செய்முறை. நான்கு பேர் கொண்ட குழுவாகப் பிரிப்பேன். ஒருவர் நேரம் பார்ப்பார். ஒருவர் தலைக்குக் கீழே மடித்த சட்டையையோ துண்டையோ வைப்பார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றுவார். கழுத்துப் பட்டையைத் தளர்த்துவார். ஒருவர் நாற்காலி, மேசைகளை விலக்கிக் கூட்டத்தையும் விலக்குவார். ஒருவர் ஆசிரியரிடம் ஓடுவார். கைகால்களை யாரும் பிடிக்கக் கூடாது. துடிப்பு அடங்கத் தொடங்கியதும் மெல்ல ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். எச்சிலோ வாந்தியோ வழிந்து வெளியே வந்துவிடும், மூச்சுக்குழாய்க்குள் போகாது. நம் பக்கம் உள்ள கையைப் பக்கவாட்டில் நீட்டி, எதிர்ப்பக்கக் கையை எடுத்துக் கன்னத்தோடு வைத்து, எதிர்ப்பக்க முழங்காலை மடக்கி, நம்மை நோக்கி உருட்ட வேண்டும். தலையைச் சற்றே பின்னால் சாய்த்து மூச்சு சீராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து முறை செய்து பார்த்தால் சிறுபிள்ளைகூடப் பெரியவரைத் திருப்பிவிடும்.

முழுத் தெளிவு வரும்வரை தண்ணீர், மாத்திரை, தீர்த்தம் எதுவும் வாயில் கொடுக்கக் கூடாது. ஐந்து நிமிடம் ஆகாவிட்டாலும் சில வேளைகளில் மருத்துவ உதவியை உடனே அழைக்க வேண்டும். முதன்முதலாக வந்த வலிப்பு, ஒன்று நின்று தெளிவதற்குள் இன்னொன்று வருவது, அடிபட்டது, தண்ணீரில் வந்தது, கர்ப்பிணிகள், நீரிழிவு உள்ளவர்கள், வலிப்பு நின்ற பிறகும் மூச்சு விடச் சிரமப்படுவது ஆகியவை அந்த வேளைகள்.

கடைசியாக ஒன்று. அதைத்தான் நான் முக்கியமாகக் கருதினேன். கண் விழிப்பவர் குழம்பியிருப்பார். "நான் உன் பக்கத்தில்தான் இருக்கிறேன். உனக்கு வலிப்பு வந்தது. இப்போது நின்றுவிட்டது" என்று மெதுவாகச் சொல்ல வேண்டும். சிறுநீர் பிரிந்திருந்தால் ஒரு துணியால் போர்த்த வேண்டும். மறுநாள் அவர் வகுப்புக்கு வரும்போது வழக்கம்போல "வா, உட்கார்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல் கிடைக்காததால்தான் ஒரு பிள்ளை பள்ளியை விட்டது.

எல்லா வலிப்பும் விழுந்து துடிப்பதன்று என்பதையும் கற்பித்தேன். சிலர் சில விநாடிகள் வெறித்துப் பார்த்தபடி இருப்பார்கள். பெயர் சொல்லி அழைத்தாலும் கேட்காது. சிலர் உதட்டைச் சப்புக்கொட்டுவார்கள். சட்டைப் பொத்தானைத் திருகுவார்கள். காரணமில்லாமல் எழுந்து நடப்பார்கள். இவர்களைப் பிடித்து நிறுத்தாமல், ஆபத்தான இடத்திலிருந்து மெல்ல வழிநடத்தித் தெளியும்வரை உடனிருக்க வேண்டும். பதின்ம வயதில் சிலருக்குக் காலையில் எழுந்தவுடன் கை சட்டென்று வெட்டி இழுக்கும்; கையிலுள்ள கோப்பை தெறித்து விழும். தூக்கம் கெட்டால் இது அதிகமாகும். எஸ்.பி.எம். தேர்வுக்காக இரவெல்லாம் கண்விழிக்கும் பிள்ளைகளின் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

ஓர் ஆண்டு பாடம் முடிந்த சில நாட்களில் முதலாம் படிவ மாணவி ஒருவர் என்னிடம் வந்தார். "டீச்சர், எங்க வகுப்புல ஒரு பையன் சொல்வதெழுதும்போது நடுவுல ரெண்டு மூணு வார்த்தைய விட்டுடுறான். அந்த நேரம் கண்ணு இமை துடிக்குது. நான் கூப்பிட்டாக் கேக்கல" என்றார். கனவு காண்கிறான் என்று அந்தப் பையன் பலமுறை வகுப்புக்கு வெளியே நின்றவன். பெற்றோரை அழைத்துப் பேசினோம். அரசாங்க மருத்துவமனையில் சோதித்தார்கள். அது வலிப்புதான். மருந்து தொடங்கிய பிறகு அவன் நோட்டுப் புத்தகத்தில் இடைவெளிகள் குறைந்தன. ஆசிரியர்கள் நாங்கள் பார்க்காததை 13 வயதுச் சிறுமி பார்த்தார்.

இன்னொரு நிகழ்ச்சி 2014 தைப்பூசத்தில் நடந்தது. என் பழைய மாணவர்கள் சிலர் ஒரு தண்ணீர்ப் பந்தலில் தொண்டு செய்தார்கள். பால்குடம் ஏந்தி வந்த இளைஞர் ஒருவர் பந்தலுக்கு அருகில் விழுந்தார். "சாமி வந்திருக்கு, தொடாதீங்க!" என்று ஒருவர் கூவினார். ஆனால் ஐந்தாம் படிவம் முடித்திருந்த ஒரு மாணவி கவனித்தார். உடல் விறைத்து, பிறகு ஒரே சீராக வெட்டுகிறது, உதடு நீலம் பாரித்திருக்கிறது, வாயோரம் நுரை. கடிகாரத்தைப் பார்த்தார். துண்டை மடித்துத் தலைக்கு வைத்தார். பையன்களை வெளிப்புறம் பார்த்தபடி வட்டமாக நிற்கச் சொன்னார். ஒரு பெரியவர் வாயில் பால் ஊற்ற வந்தபோது, "தாத்தா, இப்ப வேணாம், மூச்சுக்குழாய்க்குப் போயிடும். தெளிஞ்ச பிறகு நீங்களே கொடுங்க" என்றார். பெரியவர் கோபிக்கவில்லை, செம்பைப் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றார். மூன்று நிமிடத்துக்குள் வலிப்பு நின்றது. ஒருக்களித்துப் படுக்க வைத்தார்கள். முதலுதவிப் படையினர் வந்து எடுத்துச் சென்றார்கள்.

பிறகுதான் அந்தத் தாயார் அழுதுகொண்டே சொன்னார்: விரதம் என்பதால் பல நாட்களாக மகனுக்கு வலிப்பு மாத்திரை கொடுக்கவில்லையாம். தாய்மார்களே, உங்கள் கால்களைத் தொட்டுக் கேட்டுக்கொள்கிறேன். மாத்திரையை நிறுத்து என்று எந்தத் தெய்வமும் கேட்கவில்லை. நோன்பு இருப்பதானாலும், சிவராத்திரிக்குக் கண்விழிப்பதானாலும், மருத்துவரைக் கேட்ட பிறகே செய்யுங்கள். உறக்கமின்மையும் மாத்திரை தவறுவதும் வலிப்பைத் தூண்டுபவை.

அருள் வருவதைப் பற்றி நான் ஒன்றும் குறை சொல்லவில்லை. அருள் நிலையில் இருப்பவர் பெரும்பாலும் நிற்பார், ஆடுவார், பேசுவார். உடன் வருபவர் சொல்வதைக் கேட்பார். நினைவின்றி விழுந்து விறைத்துத் துடித்தால் அதனை வலிப்பு என்றே கொள்ளுங்கள். ஐயம் இருந்தாலும் தலைக்குத் துணி வையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அதனால் பக்திக்கு ஒரு குறையும் வராது. அவ்வாறே, பள்ளிச் சபைகூடலில் வெயிலில் நின்று மயங்கி விழுபவருக்கும் ஓரிரு விநாடி கைகால் உதறலாம். அவர் வெளிறிப் போய் விழுவார், விரைவில் தெளிவார். அவரைப் படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்தினால் போதும்.

பிள்ளைகளால் என்ன முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். மார்ச் 26ஆம் நாள் பல நாடுகளில் ஊதா நிற ஆடை அணிந்து வலிப்பு நோய் விழிப்புணர்வு நாள் கொண்டாடுகிறார்கள். 2008இல் அதனைத் தொடங்கியவர் கனடா நாட்டைச் சேர்ந்த கேசிடி மேகன். இந்நோய் உள்ள அவருக்கு அப்போது வயது 9.

நன்கொடையாளப் பெருமக்களே, உங்கள் பொருளால் எத்தனையோ பிள்ளைகள் படிக்கிறார்கள். நான் கேட்பது பெரிய தொகையன்று. அறவாரியம் நடத்தும் பிரத்தியேக வகுப்புகளில் ஆண்டுக்கு ஒரு சனிக்கிழமை அரை நாளை இந்தப் பாடத்துக்கு ஒதுக்குங்கள். பயிற்சி பெற்ற முதலுதவியாளர் ஒருவரை அழையுங்கள். தைப்பூசத்துக்கு முன்பு தண்ணீர்ப் பந்தல் தொண்டர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். அன்னதான மண்டபச் சுவரில் ஒரு பலகை வையுங்கள். நேரம் பார், தலையைக் காப்பாற்று, ஒருக்களித்துப் படுக்க வை, வாயில் எதையும் வைக்காதே, உடனிரு, ஐந்து நிமிடம் தாண்டினால் 999. இவ்வளவு எழுதினால் போதும். உதவி பெறும் பிள்ளைகளில் யாருக்கேனும் இந்நோய் இருந்தால், அதைச் சொல்வதால் உதவி நின்றுவிடாது என்று வெளிப்படையாக அறிவியுங்கள். பயத்தினால்தான் பெற்றோர் மறைக்கிறார்கள்.

1987இல் பள்ளியை விட்ட அந்த மாணவி இன்று எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. பலமுறை விசாரித்தேன். அந்தத் தோட்டம் இப்போது இல்லை, குடும்பங்கள் சிதறிவிட்டன. அவருக்கு இப்போது 50 வயதுக்கு மேல் ஆகியிருக்கும். இந்த ஆண்டு மலர் எத்தனையோ வீடுகளுக்குப் போகிறது. அவர் கைக்கும் ஒருநாள் வரக்கூடும். வந்தால் அவரிடம் நான் சொல்ல விரும்புவது இதுதான்: அம்மா, அன்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்த பிறகு, இன்னொரு பிள்ளைக்கு அப்படி நேரக் கூடாது என்று என்னால் ஆனதைச் செய்தேன். என்னை மன்னித்துவிடு.